இழுக்கிற நூலும் கேட்கிற நூலும்

திருப்பூரில் ஒரு பனியனுக்கு ஆளுக்கு வைப்பதுபோல் பெயர் வைத்தவர் வித்யாசாகர் ஒருவர்தான். 'தோழன்' என்று வைத்தார். குழந்தையின் உடம்பில் மாட்டினால் குழந்தையை ஓடவைக்கும் பனியன் அது. அதோடு சேர்ந்த கால்சட்டையும் உண்டு. ஊரில் யாரும் அதைத் தோழன் என்று சொல்லவில்லை. மூன்று தலைமுறையாகப் பனியனை வெட்டி, தைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றும் ஊர். பனியனைப் பார்த்தால் பனியன் என்றுதான் சொல்லும்.

வித்யாசாகர் 'துளிர்' அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர். மூன்றிலிருந்து ஆறு வயதுவரை முப்பது குழந்தைகள். அதில் பதினைந்து பேர் வளர்ச்சி தாமதமானவர்கள், பதினைந்து பேர் தாமதமாகாதவர்கள். முப்பது பேரும் ஒரே மைதானத்தில், ஒரே விசிலுக்கு விளையாடவேண்டும் என்பது திட்டம். இதற்கு 'எல்லாருக்கும் மைதானம்' என்று பெயர். பெயர் வைப்பதில் அந்த அறக்கட்டளை காட்டிய அக்கறையில் பாதியை வேறு எதிலாவது காட்டியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

ரேணுகா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். துணியின் பழுதைப் பார்க்கக் கேமரா வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. கேமரா தவறவிடுவதைப் பார்க்க இன்னும் மூன்று பெண்களை வைத்திருந்தார்கள். ஓட்டை, விட்டுப்போன தையல், சாயத் திட்டு என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டவேண்டும். பதினோரு வருஷம் அம்பு ஒட்டிய கைக்கு மனிதர்களைப் பார்த்தாலும் எங்கே ஒட்டலாம் என்றுதான் தோன்றும். வித்யாசாகரை முதல்முறை பார்த்தபோது, இந்த ஆளுக்கு ஒரு தாள் ஸ்டிக்கர் போதாது என்று அவளுக்குப் பட்டது. பட்டும் மகளை அந்தத் திட்டத்தில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் காரணம் ஒரு சொல்.

அவள் மகள் மகிழாவுக்கு ஐந்து வயது. நடப்பாள், ஆனால் தொடங்க நேரமாகும். 'தண்ணி எடுத்துட்டு வா கண்ணு' என்றால் காது கேட்கும், புரியும், கண் சொம்பைப் பார்க்கும். கால் மட்டும் யோசிக்கும். நாலு எண்ணும் நேரம். பிறகு எழுந்து போய்க் கொண்டுவருவாள், பாதியைச் சிந்தியபடி. பேச்சும் அப்படித்தான். மூன்றோ நாலோ சொற்கள், ஒவ்வொன்றும் தாமதமாக, ஆனால் விழவேண்டிய இடத்தில் விழும்.

அவர்கள் இருந்தது எட்டு வீடுகள் கொண்ட லைன் வீட்டில். வாசலில் பிள்ளைகள் கல்லா மண்ணா விளையாடுவார்கள். சாக்கடையை மூடியிருந்த பலகைக்கற்கள் கல்; தெரு மண். கல்லில் நிற்பவரைத் தொடக்கூடாது, மண்ணில் இறங்குபவரைத் தொட்டால் அவுட். ஒருநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ரேணுகா வரும்போது, பக்கத்து வீட்டு மிதுனா புதிதாகக் குடிவந்த பையனுக்கு விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மிதுனாவுக்கு ஐந்தரை வயது, குரலுக்கு ஐம்பது.

"மகிழா ஒப்புக்குச் சப்பாணி. அவள தொட்டா அவுட் இல்ல. அவ கால எடுத்து வெக்கிற வரைக்கும் எல்லாரும் சத்தமா எண்ணணும். எண்ணாம ஓடுனீன்னா உன்னைச் சேத்துக்க மாட்டோம்."

ஆட்டத்தில் சேர்த்தும் சேராமலும் நிறுத்திவைக்கும் சின்னப் பிள்ளைக்குத் தமிழ்நாடு முழுக்க இருக்கும் பெயர்தான் அது. ரேணுகாவுக்கு அந்தப் பெயரே போதுமாக இருந்தது; அதற்குப் பின்னால் வந்த விதிகள் காதில் ஏறவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "இனி என்ற புள்ளயை எதுக்கும் கூப்புடாத, பாத்துக்க" என்று ஐந்தரை வயதுக் குழந்தையை மிரட்டிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் துளிர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பனியனை அளவு பார்த்து மாட்டிவிட்டது ஃபர்ஹானா என்ற பெண். துளிரில் வேலை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால் அவளுக்கு அங்கே மேஜை இல்லை. சாமான் அறையில் ஒரு ஸ்டூல் மட்டும் இருந்தது.

"மூளை காலுக்கு 'நட'ன்னு சொல்லும்போது தசையில சின்னதா ஒரு துடிப்பு வரும்க்கா. நமக்குத் தெரியாது. பனியன்ல இருக்கிற கறுப்பு நூல் அதைக் கேக்கும். கேட்டதும் சாம்பல் நூல் இழுக்கும். பாப்பா ஆரம்பிச்சா போதும், மீதிய இது முடிச்சுக் குடுத்துரும்."

"பாப்பா ஆரம்பிக்கவே இல்லீன்னா?"

"காத்திருக்கும். நாலு செகண்ட் வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் அதுவே ஒரு எட்டு எடுத்து வெச்சுக் காமிக்கும்."

நாலு என்று கேட்டதும் ரேணுகாவுக்கு வயிறு குளிர்ந்தது. தன் பிள்ளையைத் தெரிந்த ஒரு துணி உலகத்தில் இருக்கிறதே என்று நினைத்தாள். முதல் வாரமே மகிழா மைதானத்தின் குறுக்கே ஓடினாள். ரேணுகா அழுதாள். அந்த அழுகையையும் துளிர்க்காரர்கள் படம்பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

ரேணுகாவுக்கு எதையும் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. பனியனை மைதானத்தில் மட்டும்தான் மாட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மகிழா வெறும் கவுனில் வீட்டில் இருப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் ரேணுகா தண்ணீர் கேட்பாள், உதட்டுக்குள் எண்ணுவாள், வந்த எண்ணைக் காலண்டரில் அந்தக் கட்டத்தில் எழுதுவாள். முதல் மூன்று ஞாயிறு: நாலு, நாலு, ஐந்து. ஆறாவது ஞாயிறு ஒன்பது. ஒன்பதாவது ஞாயிறு பத்தொன்பது. பன்னிரண்டாவது ஞாயிறு அறுபதுவரை எண்ணினாள். மகிழா சொம்பைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் சாலையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் ரேணுகா ஒரு கோடு போட்டாள்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு, காலண்டரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு துளிருக்குப் போனாள்.

வித்யாசாகர் அறையில் குளிரூட்டி ஓடியது. சுவர் முழுக்க ஓடும் குழந்தைகள். எல்லாரும் ஒரே கோணத்தில் காலைத் தூக்கியிருந்தார்கள்.

"மேடம், பாப்பாவோட ஸ்கோர் பாத்தீங்களா? தொண்ணூத்தி நாலு."

"அது பனியனோட ஸ்கோருங்க. இது என்ற புள்ளயோடது." காலண்டரை மேஜைமேல் விரித்தாள்.

அவர் காலண்டரைப் பார்த்தார். அதில் அச்சிட்டிருந்த மளிகைக் கடையின் பெயரைத்தான் முதலில் படித்தார்போல. "வீட்டுச் சூழல் வேற மேடம். அங்க ஊக்கம் கம்மியா இருக்கும்."

"நாலு செகண்டுன்னு சொன்னீங்க. இப்ப எத்தன வெச்சிருக்கீங்க?"

அவர் ஃபர்ஹானாவைக் கூப்பிட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அஞ்சாவது வாரத்துல இருந்து ஒண்ணும் இல்லக்கா. விசில் ஊதுனதும் இழுத்துரும்."

"கேக்கறதே இல்லியா?"

"கேக்கும். கேட்டு எழுதி வெச்சுக்கும். அதுக்காகக் காத்திருக்காது."

வித்யாசாகர் பொறுமையானவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் பேசுவதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தார், அதை எடுத்தார். "மேடம், நீங்க ஒரு தாயா யோசிக்கிறீங்க. நான் முப்பது குழந்தைங்களுக்காக யோசிக்கணும். அடுத்த வாரம் நிறைவு விழா. மந்திரி வர்றார். விசில் ஊதி நாலு செகண்ட் பதினஞ்சு குழந்தைங்க நட்ட மரமா நின்னா எப்படி இருக்கும்? மந்திரி நாலு செகண்ட் சும்மா நிக்கமாட்டார்."

"அப்ப அவருக்கும் ஒண்ணு மாட்டி விடுங்க."

ஃபர்ஹானா இருமலை அடக்குவதுபோல் வாயை மூடிக்கொண்டாள். வித்யாசாகர் சிரிக்கவில்லை. விழாவுக்கு முன் விலகினால் சான்றிதழ் கிடையாது என்றும், சான்றிதழ் இல்லாமல் அறக்கட்டளையின் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் இடம் கிடையாது என்றும், இதெல்லாம் அவள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் காலண்டரைச் சுருட்டி, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார்.

வெளியே வாசல்வரை ஃபர்ஹானா கூடவே வந்தாள். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்கக்கா. சாம்பல் நூல் இடது பக்கத் தையலோட ஒட்டி வருது. அது ஒண்ணு போனா வெறும் பனியன்தான். கறுப்பு நூல் பாட்டுக்குக் கேட்டுட்டு இருக்கும்."

"எதுக்கு எங்கிட்ட சொல்ற?"

"நீங்க செக்கிங்தான?"

விழா காலை பத்து மணிக்கு. பந்தல், பூ, ஒலிபெருக்கி, வரிசையாக வெள்ளை நாற்காலிகள் எல்லாம் தயாராக இருந்தன. ஓட்டம் தொடங்கும் இடத்தில் சிமெண்டுப் பலகைகளைப் பதித்திருந்தார்கள், அதற்கப்பால் செம்மண்.

குழந்தைகளுக்கு உடுப்பு மாற்றும் கூடாரத்துக்குள் நுழைந்ததும் ரேணுகா நின்றுவிட்டாள். மிதுனாவின் அம்மா மிதுனாவுக்குப் பனியனை மாட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட இடத்துக்காக அவளையும் லைன் வீட்டுப் பிள்ளைகள் சிலரையும் தாமதமாகாதவர்கள் பக்கத்தில் சேர்த்திருந்தார்கள். அவளுக்கு மட்டுமல்ல, முப்பது பேருக்கும் பனியன்.

"இவளுக்கு எதுக்குங்க?"

கையில் பட்டியலோடு போய்க்கொண்டிருந்த வித்யாசாகர் நின்று விளக்கினார். உற்சாகமாகவே விளக்கினார். "ஒத்திகையில நம்ம ஸ்பெஷல் குழந்தைங்க பதினஞ்சு பேரும் ஒரே நேர்கோட்டுல ஓடுனாங்க மேடம். நார்மல் குழந்தைங்கதான் பிரச்னை. ஒண்ணு எறும்பு பாக்க உக்காந்துருச்சு. ரெண்டு பேர் கொடிக்கு அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தன் பாதியில ஒண்ணுக்குப் போகணும்னுட்டான். ஒருத்தி மண்ணை அள்ளித் தின்னுட்டா. அப்புறம் நான் யோசிச்சேன். சமத்துவம்னா எல்லாருக்கும் சமமாத்தான இருக்கணும்?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அம்பு ஒட்ட ஓர் இடமும் பாக்கியில்லாத பீஸ் ஒன்றை ரேணுகா அன்றுதான் பார்த்தாள்.

"எனக்கு இது அரிக்குது" என்றாள் மிதுனா. ரேணுகாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று மாதமாகவே பார்ப்பதில்லை.

ரேணுகா மகளை ஒரு மூலைக்குக் கூட்டிப்போனாள். பனியனை மாட்டினாள். நூல் பிசிறு வெட்டும் சிறு கத்தரி எப்போதும் அவள் பையில் இருக்கும். இடது பக்கத் தையலை விரலால் தடவி, சாம்பல் நூலை நகத்தால் தூக்கி, ஒரே வெட்டு. பதினோரு வருஷத்தில் அவள் நல்ல பீஸ் ஒன்றைக் கெடுத்தது அதுதான் முதல்முறை. கெடுத்தோமா என்று அவளுக்கே உறுதியில்லை. காலண்டரில் இருந்த கோடு கண்முன் நின்றது. இவள் அப்படியே நின்றுவிட்டால்? இத்தனை பேர் முன்னால் அறுபது எண்ணியும் நின்றுகொண்டே இருந்தால், இனி எப்போதும் நிற்பாளா?

மந்திரி வந்தார். பேசினார்கள். விசில் ஊதியது.

இருபத்தொன்பது குழந்தைகள் ஒரே கணத்தில் வலதுகாலைத் தூக்கினார்கள். அழகாகத்தான் இருந்தது; பின்னல் மெஷினில் ஊசிகள் சேர்ந்து இறங்குவதுபோல் இருந்தது. யாரும் எறும்பு பார்க்கவில்லை. யாரும் மண்ணைத் தின்னவில்லை. கூட்டம் கைதட்டியது.

சிமெண்டுப் பலகையின்மேல் மகிழா மட்டும் நின்றாள். காலைப் பார்த்துக்கொண்டு.

ரேணுகா வழக்கம்போல் உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. அப்போதுதான் காதில் விழுந்தது. வெளியிலும் யாரோ எண்ணுகிறார்கள்.

"மூணு. நாலு."

மிதுனா. அவள் கால்கள் மற்றவர்களோடு வரிசை பிசகாமல் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. கழுத்து மட்டும் முழுக்கப் பின்னால் திரும்பியிருந்தது. முகம் சிவந்து, மகிழாவைப் பார்த்து அவள் எண்ணிக்கொண்டே போனாள். "அஞ்சு. அவ இன்னும் கால எடுக்கல. ஆறு. நில்லுங்க, அவ எடுக்கல." யாரிடம் சொல்கிறாள் என்று பந்தலில் யாருக்கும் புரியவில்லை. அவள் தன் கால்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினோராவது எண்ணில் அவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். பனியன்கள் தளர்ந்தன. மிதுனா அங்கேயே நின்று பன்னிரண்டைக் கத்தினாள். மூச்சுவாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளில் லைன் வீட்டுப் பையன் ஒருவன் பதிமூன்றில் சேர்ந்துகொண்டான். பிறகு இன்னும் இரண்டு பேர்; எதற்கு எண்ணுகிறோம் என்று தெரியாமலே.

வித்யாசாகர் சிரித்த முகத்தோடு, உதடு அசையாமல் பேசியபடி மகிழாவை நோக்கி நடந்தார். "தூக்கிட்டுப் போயிடலாம் மேடம். டெக்னிகல் பிராப்ளம்னு சொல்லிக்கலாம்."

ரேணுகா குறுக்கே நின்றாள். "தொடாதீங்க."

"மந்திரி பாக்கறார்."

"பாக்கட்டும். பாக்கத்தான வந்தாரு."

இருபத்தைந்து. முப்பது. மந்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தேழில் மகிழாவின் இடதுகால் கட்டைவிரல் மடங்கி நிமிர்ந்தது. பிறகு பாதம். பிறகு அவள் பலகையிலிருந்து செம்மண்ணில் இறங்கினாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்று, பிடிக்க யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் வரவில்லை. எல்லாரும் எதிர்க்கோடியில் இருந்தார்கள்.

"மண்ணு" என்றாள், தெளிவாக.

அன்று மத்தியானம் சாமான் அறையில், பனியனைத் திருப்பிக்கொடுக்க வந்த ரேணுகாவுக்கு ஃபர்ஹானா திரையைக் காட்டினாள். முப்பது கோடுகள், கறுப்பு நூல் கேட்டு எழுதியவை. இருபத்தெட்டு கோடுகள் பலகைபோல் மட்டமாகக் கிடந்தன.

"இவங்க யாரும் ஓடலக்கா. ஓட்டிட்டுப் போயிருக்கு. நல்லா ஓடத் தெரிஞ்ச பதினாலு பேர் கோடும் பாருங்க, அதே மட்டம்தான். ஒரு ஓட்டத்துலயே பழகிட்டாங்க." ஒரு கோட்டில் முப்பத்தேழாவது இடத்தில் சின்னதாக ஒரு மேடு. "இது மகிழா. அவ சொந்த மேடு." இன்னொரு கோடு முதலிலிருந்து கடைசிவரை மேடும் பள்ளமுமாக இருந்தது. "இது மிதுனா. தலைகீழா இருக்குல்ல? ஓட்டம் பூரா அவ நிக்கப் பாத்திருக்கா."

பின்னால் வந்து நின்ற வித்யாசாகரும் அதைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "எதிர்விசை. அடுத்த மாடல்ல அதையும் சரிபண்ணிடுவாங்க" என்றார். அறிக்கையில் 'ஒரு கருவி பழுது' என்று எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

ரேணுகா பனியனைக் கம்பெனி முறைப்படி மடித்தாள். வெட்டிய இடத்தை அவள் மறைக்கவில்லை. சிவப்பு அம்பு ஒன்றை உரித்து, அந்த வெட்டில் ஒட்டாமல், கழுத்தில் 'தோழன்' என்று நெய்திருந்த லேபிளில் ஒட்டினாள். வைத்துவிட்டு வந்தாள்.

வாசலில் செல்வநாயகி வழிமறித்தாள். அவள் மகன் பிறந்ததிலிருந்து ஓர் எட்டு வைத்ததில்லை. பனியன் போட்ட பிறகுதான் நிமிர்ந்து நின்றவன். "உன்ற புள்ள நடக்கும், நீ நூல வெட்டுவ. என்ற பையன் இதப் போட்டாத்தான் நடக்கறான். மந்திரி கோவிச்சுட்டுப் போயிட்டாரு, திட்டத்தை நிறுத்திப்போடுவாங்கன்னு பேசிக்கறாங்க. அவனுக்கு நீயா கால் குடுப்ப?"

வித்யாசாகரை ஏளனம் செய்யத் தோன்றிய எதுவும் இவளிடம் சொல்ல ரேணுகாவுக்கு வாயில் வரவில்லை. "நிறுத்துனா சொல்லு, நானும் வந்து கேக்கறேன். நாலு செகண்டோட குடுக்கச் சொல்லிக் கேப்போம்" என்றாள். செல்வநாயகி மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் லைன் வீட்டு வாசலில் ஆட்டம் தொடங்கியிருந்தது. ரேணுகா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள். ஒரு நிமிஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை.

"மிதுனா. இவளயும் சேத்துக்கறியா?" சொல்லிவிட்டு, அந்தச் சொல்லையும் சொன்னாள். "ஒப்புக்காச்சும்."

மிதுனா கல்லின்மேல் நின்றபடி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மகிழா இப்ப ஒப்புக்கு இல்ல. அவதான் மைதானத்துல தானா இறங்குனா. நாங்கெல்லாம் தானா ஓடல." மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள், யாரும் மறுக்கவில்லை. "அவதான் இப்பப் பிடிக்கறவ. எல்லாரும் கல்லுல ஏறுங்க."

"அப்ப நானு?"

"நீங்க வேணா ஒப்புக்கு நில்லுங்கக்கா."

ரேணுகா பலகைக்கல்லில் ஏறி நின்றாள். தெரு நடுவில் மகிழா தனியாக நின்று தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக மண்ணில் இறங்கி, ஓடாமல், அவளைப் பார்த்து நின்று சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். ஏழு. எட்டு. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாதவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள்.

மிதுனா மட்டும் திரும்பி ரேணுகாவை முறைத்தாள்.

"அக்கா, உதட்ட அசைக்காதீங்க. ஒப்புக்கு நிக்கறவங்க எண்ணக்கூடாது."